பனியன்: பொன்முகலி முதல் நொய்யல் வரை

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் சித்தூரிலும் திருப்பதியிலும் ஆடவர்தம் மேலாடை சுருங்கிவிடுகிறது. திண்ணையில் செய்தித்தாள் விரிப்பவர், மளிகைக் கடையில் கணக்கெழுதுபவர், தேநீர்க் கடையில் பால் காய்ச்சுபவர், நகரியின் விசைத்தறிக் கூடத்தில் தார் மாற்றுபவர் எனப் பலரும் அணிந்திருப்பது கையில்லாத, கழுத்து இறங்கிய, மெல்லிய வெள்ளைப் பின்னலாடை ஒன்றையே. தெலுங்கில் அதனை 'பனீனு' என்பர், தமிழில் 'பனியன்'. இரு மொழியினரும் அதனைத் தத்தம் சொல்லாகவே கருதுகின்றனர். தமிழ்ச் செவிக்கு அச்சொல்லில் 'பனி' ஒலிப்பதால், குளிர்ச்சி தரும் ஆடை என்ற பொருளும் இயல்பாகப் பொருந்திவிடுகிறது.

உண்மையில் அச்சொல்லுக்கும் பனிக்கும் தொடர்பில்லை. அந்த ஆடையைப் பின்னும் முறையும் இம்மண்ணில் பிறந்ததன்று. இந்தியாவிலிருந்து ஒரு சொல்லும் ஒரு துணியும் கடல் கடந்து சென்றன. வேறொரு நாட்டின் தொழில்நுட்பத்தோடு அவை திரும்பி வந்தன. பின்னர் அதே ஆடை வேறு பெயருடன் மீண்டும் கடல் கடந்தது. இந்தப் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. ஏறத்தாழ நூறு கிராம் எடையுள்ள கோடைக்கால ஆடை ஒன்றின் வரலாற்றை அந்த ஆறுகளின் வழியே வாசிப்பது பயனுடையது.

1. வணிகனின் பெயர்

வடமொழியின் 'வணிஜ்' குஜராத்தியில் 'வாணியோ' ஆயிற்று. தமிழின் 'வணிகர்', 'வாணிகம்' ஆகியவற்றோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சொல் அது. பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலும் மேற்குக் கடற்கரையிலும் குஜராத்தி வணிகரைக் கண்ட போர்த்துகீசியர் அவர்களை 'பனியன்' என்று குறித்தனர். ஆங்கிலேயர் அதனை ஏற்றுக்கொண்டனர். அவ்வணிகர் நிழலில் கூடியமர்ந்த ஆலமரத்திற்கும் அதே பெயரையே சூட்டினர். ஆலமரத்தின் ஆங்கிலப் பெயரும் தமிழரின் உள்ளாடையும் ஒரே வேரினவாக அமைந்தது இவ்வாறுதான்.

பெயர் மரத்தோடு நிற்கவில்லை. வணிகர் அணிந்த தளர்ந்த ஆடைக்கும் சென்றது. 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் செல்வர் வெளியில் இறுக்கமான மேலங்கியும் பொய்முடியும் தரித்தனர். வீட்டுக்குள் அவற்றைக் களைந்துவிட்டுக் கணுக்கால் வரை தொங்கும் தளர்ந்த அங்கி ஒன்றை அணிந்தனர். கிழக்கிலிருந்து வந்த பாணியாதலால் அதற்கும் 'பனியன்' என்று பெயர் ஏற்பட்டது. இலண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 1666-இல் தம் உருவப்படம் வரையப்பெறுவதற்காக இந்திய அங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்தார். விலை கொடுத்து வாங்க எளிதில் இயலாத பொருளாகவும், படத்தில் தம்மோடு நிலைத்திருக்க வேண்டிய பெருமையாகவும் அது அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அத்தகைய அங்கிகளுக்கு விரும்பப்பட்ட துணிகளுள் ஒன்று சோழமண்டலக் கரையின் வண்ணப் பருத்தித் துணி. தமிழில் அதனைச் 'சீட்டி' என்பர். மசூலிப்பட்டினம் முதல் பழவேற்காடு வரையிலான துறைமுகங்கள் வழியே அது ஏற்றுமதியாயிற்று. துவைத்தாலும் வெளுக்காத சிவப்பும் நீலமும் அக்கால ஐரோப்பியச் சாயத்தொழிலுக்கு எட்டாதவை. இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர் தம் பிழைப்பு கெடுகிறதென்று போராடினர். 1700-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இத்தகைய துணிகளை உள்நாட்டுப் பயன்பாட்டிற்கு இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1721-இல் வண்ணப் பருத்தித் துணியை அணிவதையே தடுத்துச் சட்டம் இயற்றியது.

2. பொன்முகலியின் நீர்

திருப்பதியிலிருந்து கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில் உள்ள திருக்காளத்தி, தமிழர்க்குக் கண்ணப்பரின் ஊர். துணி வரலாற்றாசிரியர்க்குக் கலம்காரியின் ஊர். பழைய வட ஆற்காடு மாவட்டத்திலும், 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவான பின் அதிலும், 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அது இடம்பெற்றுள்ளது. ஐரோப்பிய அங்கிக்கான துணி பெரும்பாலும் வடக்குத் துறைமுகங்களைச் சார்ந்த ஊர்களில் உருவானது. காளத்தியின் கைவினைஞர் தீட்டியவை முதன்மையாகக் கோயில் தொங்கல்கள். இராமாயண, பாரதக் காட்சிகள். எனினும் இரண்டிற்கும் அடிப்படையான சாய அறிவு ஒன்றே.

அம்முறை இன்றும் பெருமளவு தொடர்கிறது. வெளுத்த துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, மை பரவாமல் தடுக்கும். இரும்புத் துண்டுகளை வெல்லக் கரைசலில் பல நாள் ஊறவைத்துப் பெறும் கரிய நீரை மூங்கில் எழுதுகோலால் துணியில் இழைப்பர். கடுக்காயின் துவர்ப்போடு அது கூடி ஆழ்ந்த கருமையாகும். சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரம் தடவிச் சாயவேருடன் கொதிக்கவைப்பர். படிகாரம் பட்ட இடம் மட்டுமே நிறத்தைப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்திற்குப் பின்னும் துணியை ஆற்றில் அலச வேண்டும். தேங்கிய நீரில் அலசினால், கரைந்து வரும் மிகைச் சாயம் துணியின் வேறிடங்களில் படிந்துவிடும். ஓடும் நீர் அதனை அடித்துச் சென்றுவிடும். ஆகவே கலம்காரிக்கு ஓடும் ஆறு ஒரு கருவி எனலாம்.

அந்த ஆறு பொன்முகலி. ஆந்திரத்தில் அதன் பெயர் ஸ்வர்ணமுகி. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் தோன்றித் திருப்பதியின் அருகே பாய்ந்து, காளத்திக் கோயிலின் அடியைத் தொட்டுக் கடலை அடைகிறது. சென்னை மாகாணத்தின் பருத்தித் துணி ஓவியம் குறித்து 1917-இல் நூல் வெளியிட்ட டபிள்யூ. எஸ். ஹாடவே காளத்தித் தொழிலையும் பதிவு செய்தார். தாவரச் சாயமும் குறைந்த அளவு உற்பத்தியும் நிலவிய காலத்தில், துணியிலிருந்து கழிந்த நிறத்தை ஆறு தாங்கிக்கொண்டது. இந்த அளவீடு பின்னர் நேர்ந்ததை விளங்கிக்கொள்ள உதவும்.

3. அங்கி உள்ளாடையான கதை

19-ஆம் நூற்றாண்டில் நீண்ட அங்கி வழக்கொழிந்தது. பெயர் மட்டும் உடலோடு ஒட்டிய சிறிய ஆடைக்கு இறங்கி வந்தது. யூலும் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளியான 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி இம்மாற்றத்தைப் பதிவு செய்கிறது: தொடக்கத்தில் மஸ்லின் துணியால் தைக்கப்பட்ட உள்ளாடையைச் சுட்டிய சொல், அகராதி தொகுக்கப்பட்ட காலத்திற்குள், நெகிழும் தன்மையுள்ள பருத்தி, கம்பளி, பட்டுப் பின்னலாடையைச் சுட்டத் தொடங்கியிருந்தது.

இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயர் பலர் கோடையிலும் தோலையொட்டிக் கம்பளியாலான ஃபிளானல் அணிந்தனர் என்பது இன்று வியப்பளிக்கும். வியர்வை திடீரெனக் குளிர்ந்தால் காய்ச்சலும் வயிற்று நோயும் வரும் என்று அக்கால மருத்துவம் நம்பியது. வயிற்றைச் சுற்றிக் 'காலரா பட்டை' கட்டும் வழக்கமும் இருந்தது. 1888-இல் லங்காஷயரில் லூயிஸ் ஹாஸ்லம் தொடங்கிய ஏர்டெக்ஸ் நிறுவனம், சிறு துளைகள் நிறைந்த பருத்தித் துணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துணியின் கண்களில் தங்கும் காற்று குளிரில் வெப்பத்தைக் காக்கும். வெப்பத்தில் வியர்வையை ஆற்றும் என்பது அதன் கோட்பாடு. இக்கோட்பாடு வெப்ப நாடுகளில் கம்பளியின் இடத்தைப் பருத்தி பெற வழிவகுத்தது.

4. கண்ணியும் இழையும்

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலகிற்குப் பருத்தித் துணி நெய்து தந்த தென்னிந்தியா, ஏன் ஆடையைப் பின்னவில்லை?

நெசவில் பாவும் ஊடும் செங்குத்தாகக் குறுக்கிடுகின்றன. இரு நூல் தொகுதிகளும் ஏறக்குறைய நேர்கோட்டில் ஓடுவதால் துணி நீளாது. பின்னலில் ஒரே நூல் போதும். அது வளைந்து ஒரு கண்ணியாகிறது. அக்கண்ணியினூடே அடுத்த கண்ணி இழுக்கப்படுகிறது. கண்ணிகள் உருமாறி நீளவும் சுருங்கவும் வல்லவை ஆதலால் துணி உடலின் வடிவத்தை ஏற்கிறது. காலுறையும் கையுறையும் பின்னலால் உருவானதற்குக் காரணம் அதுவே.

வேட்டியும் சேலையும் மேல்துண்டும் வெட்டாத, தைக்காத துணிகள். திருமலையின் பல ஆர்ஜித சேவைகளுக்கு இன்றும் ஆடவர் வேட்டியும் மேல்துண்டும் அணிந்தே செல்ல வேண்டும் என்ற விதி அப்பழைய உடை மரபின் தொடர்ச்சி. துணியை உடலைச் சுற்றி மடித்தும் செருகியும் அணிந்த சமூகத்திற்கு, உடலின் வடிவில் நெகிழும் துணி தேவைப்படவில்லை. 'பின்னல்' என்ற தமிழ்ச் சொல் சடைக்கும் கூடைக்கும் வலைக்கும் உரியதாக இருந்தது. 'பின்னலாடை' பிற்காலத்து ஆக்கம். தெலுங்கின் 'அல்லிக'வும் பாய், கூடை, வலை ஆகியவற்றோடு தொடர்புடைய சொல்லே.

பின்னல் குளிர்நாட்டுக் கண்டுபிடிப்பு என்று எளிதில் முடிவு கட்டிவிடவும் இயலாது. இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய பின்னல் துணிகளுள் முதன்மையானவை எகிப்தில் கிடைத்தவை; ஏறத்தாழ 11 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அவுரி நீலமும் வெள்ளையும் கலந்த அந்தக் காலுறைகள் பருத்தியாலானவை. வெயில் நாட்டில் பருத்தியில் காணப்படும் இக்கலை ஐரோப்பாவிற்குச் சென்று கம்பளியோடு பழகிற்று. 1589-இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ காலுறைப் பின்னல் பொறியை உருவாக்கினார். 19-ஆம் நூற்றாண்டில் வட்டப் பின்னல் பொறியும், தானே மூடித் திறக்கும் நாக்குடைய ஊசியும் வந்தன. வட்டப் பொறி துணியைக் குழாய் வடிவில் பின்னித் தள்ளியது. மனித உடலும் ஏறத்தாழ ஒரு குழாயே ஆதலின், பக்கத் தையலில்லாத ஆடை எளிதாயிற்று.

தென்னிந்தியாவிற்குக் கைப்பின்னல் வந்த வழிகளுள் ஒன்று மிஷன் பள்ளிகள். 1853-இல் அமைக்கப்பட்ட அமெரிக்க ஆற்காடு மிஷனுக்குச் சித்தூர் ஒரு தொடக்க கால நிலையம். 1850-களிலேயே அங்குப் பெண்களுக்கு விடுதிப் பள்ளி நடந்தது. ஊசிவேலை அக்கால மிஷன் பெண்கள் பள்ளிகளின் நிலையான பாடம். ஆனால் கம்பளி நூலும் இரண்டு ஊசிகளும் கொண்டு பின்னிய ஆடைக்கு இவ்வட்டாரத்தின் தட்பவெப்பத்தில் தேவை குறைவு.

பருத்தி நூலால் கோடைக்குரிய கையில்லா மேலாடையைக் கையால் பின்னுவோர் இன்றும் உலகெங்கும் உள்ளனர். அவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல் பனியன் தொழிலின் சிக்கலையும் விளக்கும். கம்பளி தானே சுருங்கி மீளும். பருத்திக்கு அத்தன்மை மிகக் குறைவு. தடித்த பருத்தி நூலில் நெருக்கமாகப் பின்னினால் ஆடை தன் எடையாலேயே தொங்கி நீளும். ஆகவே மெல்லிய நூல் வேண்டும்; கண்ணி சற்றுத் தளர்ந்திருக்க வேண்டும்; கீழிருந்து வட்டமாகப் பின்னி, அக்குள் வந்ததும் முன்புறத்தையும் பின்புறத்தையும் பிரித்து, தோள்பட்டைகளில் மீண்டும் இணைக்க வேண்டும்; கைவளைவும் கழுத்தும் நெகிழ்ந்துவிடாதபடி விளிம்பில் பட்டி இட வேண்டும். மெல்லிய நூலாதலால் கண்ணிகளின் எண்ணிக்கை பல்லாயிரமாகும். கையால் முடிக்க வாரங்கள் பிடிக்கும். 16 அங்குல விட்டமும் அங்குலத்திற்கு 24 ஊசிகளும் கொண்ட வட்டப் பொறியில் ஏறத்தாழ 1,200 ஊசிகள் உள்ளன. ஒவ்வொரு நூல்வாயிலும் ஒரு சுற்றில் அத்தனை கண்ணிகளையும் இட்டுவிடுகிறது. மெல்லிய பருத்திப் பின்னல் எளியோரின் அன்றாட ஆடையாக இப்பொறியே காரணம்.

5. கிதிர்பூரிலிருந்து திருப்பூருக்கு

இந்தியாவில் பின்னலாடைத் தொழிற்சாலையின் தொடக்கமாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது 1893-இல் கொல்கத்தாவின் கிதிர்பூரில் எழுந்த ஓரியண்டல் ஹோசியரி ஆலை. 1905-இன் வங்கச் சுதேசி இயக்கம் இத்தொழிலுக்கு ஊக்கமளித்தது. பெரும் நெசவாலைக்குத் தேவைப்படும் முதலீட்டை ஒப்பிட, கையால் சுழற்றும் பின்னல் பொறிக்கு வேண்டிய பணம் சிறிது. நடுத்தர வகுப்பினரும் தொடங்கக்கூடிய தொழிலாக அது விளங்கிற்று.

தமிழகத்தில் அதன் முதன்மை நிலையமாகத் திருப்பூர் உருவெடுத்தது. நொய்யல் கரையிலுள்ள அவ்வூர் ஏற்கெனவே பருத்திச் சந்தை. இருப்புப்பாதையும் பஞ்சரைக்கும் ஆலைகளும் இருந்தன. கோயம்புத்தூரின் நூற்பாலைகள் அருகில். 1925-இல் குலாம் காதர் என்பவர் கையால் இயக்கும் பின்னல் பொறிகளைக் கொண்டு அங்குத் தொழில் தொடங்கியதாகத் திருப்பூரின் தொழில் வரலாறு கூறுகிறது.

அதே 1925-இல்தான் காந்தியடிகளின் தலைமையில் அகில இந்திய நூற்போர் சங்கம் அமைந்தது. அதன் தமிழகக் கிளையின் மையமாக விளங்கியதும் திருப்பூரே. கதரின் தலைநகராக மதிக்கப்பட்ட ஓர் ஊரில், கதருக்கு இடந்தராத ஒரு தொழில் அதே ஆண்டில் பிறந்தது. கைநூலின் தடிப்பு சீராக இராது. தடித்த இடத்தில் ஊசியில் சிக்கும், மெலிந்த இடத்தில் அறும். நெசவில் ஓரிழை அறுந்தால் முடிச்சிட்டுத் தொடரலாம். பின்னலில் ஒரு கண்ணி நழுவினால் வரிசை வரிசையாக ஓட்டை இறங்கும். ஆகவே பனியன் பொறி ஆலை நூலையே நம்பியது. 1932-இல் கொடிகாத்த குமரன் உயிர்நீத்த ஊரில், கதர் வேட்டியும் ஆலை நூல் பனியனும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் வளர்ந்தன.

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோவை வட்டாரத்திற்கு மின்சாரம் பரவியபின் கைப்பொறிகள் மின்பொறிகளாயின. ஜப்பானிலிருந்து மலிவாக வந்து குவிந்த பின்னலாடைகளுக்கு எதிராக 1934-இல் காப்பு வரி விதிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கொல்கத்தாவின் இடத்தைத் திருப்பூர் படிப்படியாகப் பிடித்தது. சித்தூர், திருப்பதிச் சந்தைகளில் இன்று விற்கும் பனியன் பெட்டிகளில் திருப்பூரின் பெயரைக் காண்பது இயல்பு. உடலின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் 80, 85, 90 என்று அச்சிடும் வழக்கம், ஒவ்வொரு அளவிற்கும் ஏற்ற விட்டமுள்ள பொறியில் குழாய்த் துணி பின்னிய முறையோடு பொருந்தி வருவது.

திருப்பூரை ஆராய்ந்து 2004-இல் நூல் வெளியிட்ட சரத் சாரி கவனப்படுத்திய செய்தி ஒன்றுண்டு. அவ்வூரின் முதலாளிகளுள் கணிசமானோர் உழவுக் குடியிலிருந்து தொழிலாளராக வந்து, பின்னர் சிறு கூடங்களின் உரிமையாளரான கவுண்டர்கள். தம் மூலதனம் 'உழைப்பு' என்பதே அவர்களின் தன்வரலாறு. அவ்வுழைப்பின் பெருமை உண்மையானது. ஆனால் அந்த ஏணி எல்லோர்க்கும் சாய்த்து வைக்கப்படவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. துணியை மடித்துக் கொடுக்கும் 'கைமடி' வேலைக்கும், பிசிறு வெட்டுவதற்கும், செக்கிங்கிற்கும் வந்த பெண்களும் தலித்துகளும் உரிமையாளராக உயர்ந்தது மிக அரிது. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள்கள் நீடித்தது. அதன்பின் நிறுவனங்கள் வேலையைச் சிறு கூடங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது பெருகிற்று. பீஸ் ரேட்டும் ஷிப்டும் தொழிலின் இலக்கணமாயின.

6. ஏரியின் பெயர் பெற்ற ஆடை

1970-களின் இறுதியில் இத்தாலிய இறக்குமதியாளர் திருப்பூரை நாடினர். 1980-களில் ஐரோப்பாவின் பெருங்கடைகள் வந்தன. அவர்கள் வாங்கியவற்றுள் டி-ஷர்ட்டும், கையில்லாத 'டேங்க் டாப்' என்னும் கோடை மேலாடையும் அடங்கும். பொறியின் கண்ணுக்கு டேங்க் டாப் என்பது பனியனே. அதே வட்டப் பொறி, அதே ஒற்றைக் கண்ணி, அதே பட்டி. இங்கு உள்ளே அணியப்படுவது அங்கு வெளியே அணியப்படுகிறது. இங்குப் பெரும்பாலும் ஆடவர்க்குரியது அங்குப் பெண்களுக்கும் உரியது.

பெயரின் வரலாறும் இங்கே திரும்பி வருகிறது. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நீச்சல் போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. நீச்சல் குளத்தை அக்காலத்தில் 'டேங்க்' என்றும் வழங்கினர். அங்கு அணியும் கையில்லா உடை 'டேங்க் சூட்' ஆயிற்று. அதன் மேற்பாதியை ஒத்த ஆடை 'டேங்க் டாப்' ஆயிற்று. இங்கிலாந்தில் சட்டைமேல் அணியும் கையில்லாப் பின்னலுக்கும் அப்பெயர் வழங்குகிறது. 'டேங்க்' என்னும் சொல்லுக்கு அகராதிகள் இரு வழிகளைக் காட்டுகின்றன: நீர்த்தொட்டியைக் குறிக்கும் குஜராத்தி, மராத்திச் சொல் ஒன்று, போர்த்துகீசிய 'தாங்க்கே' மற்றொன்று. எவ்வாறாயினும், சென்னை மாகாண ஆவணங்களில் 'டேங்க்' என்றால் ஏரி. சித்தூர் மாவட்டத்தின் பாசன ஏரிகளும் கோயில்களின் தெப்பக்குளங்களும் ஆங்கிலக் கோப்புகளில் அப்பெயரிலேயே பதிவாயின. பனியன் என்ற சொல்லில் ஒரு வணிகனும், டேங்க் டாப் என்ற சொல்லில் ஒரு நீர்நிலையும் மறைந்திருக்கின்றனர்.

உள்நாட்டுப் பனியன் வெள்ளை. அதற்கு வெளுப்பு மட்டும் போதும். ஏற்றுமதி ஆடைக்கோ ஒவ்வொரு பருவத்திலும் புதிய நிறங்கள் வேண்டும். ஆழ்ந்த நிறம் பருத்தியைப் பற்ற வேண்டுமானால் சாயத் தொட்டியில் உப்பைப் பெருமளவில் கொட்ட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. முழுதும் கழிவுநீரோடு வெளியேறும். சாயத்தின் நிறத்தை ஓரளவு எளிதாக நீக்கலாம். கரைந்த உப்பைப் பிரிப்பது கடினம், செலவும் மிகுதி. நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளின் உப்பு நொய்யலில் இறங்கியது. பாசனத்திற்கென 1990-களின் தொடக்கத்தில் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே கழிவுநீர்த் தேக்கமாகிவிட்டது. கீழ்ப்புறத்து உழவர் தம் கிணறுகள் உவர்ந்ததையும் தென்னை கருகியதையும் முறையிட்டு நீதிமன்றம் சென்றனர். நீண்ட வழக்குகளின் முடிவில் 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

அவ்வாணைக்குப் பின் திருப்பூர் கழிவுநீரைச் சுத்திகரித்து நீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் முறையைக் கற்றது. நாட்டின் பிற தொழில் நகரங்கள் பார்த்துப் பின்பற்றத்தக்க மாற்றம் அது. ஆனால் அதற்கு ஆகும் செலவைத் தவிர்க்க விரும்பியோர், கண்காணிப்புத் தளர்ந்த வேறு இடங்களைத் தேடியதும் நிகழ்ந்தது.

7. நகரி ஆறு

இவ்விடத்தில் கதை மீண்டும் சித்தூருக்கே வருகிறது. நகரியும் புத்தூரும் ஏகாம்பரகுப்பமும் விசைத்தறி ஊர்கள். 1960 ஏப்ரல் 1 அன்று பட்டாஸ்கர் பரிந்துரையின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு வந்தபோது, இவ்வூர்கள் ஆந்திரத்தில் நின்றன. தறிக்காரர் பலர் இன்றும் வீட்டில் தமிழும் அலுவலகத்தில் தெலுங்கும் பேசுவோர். அங்கு நடப்பது நெசவு; பின்னல் அன்று. எனினும் நூலுக்குச் சாயம் வேண்டும். சாயத்திற்கு நீர் வேண்டும். கழிவுக்கு ஓர் இடம் வேண்டும்.

நகரி ஆறு கொசஸ்தலையில் கலக்கிறது. கொசஸ்தலையின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது பூண்டி நீர்த்தேக்கம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் ஒன்று. ஆந்திர எல்லைச் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் கலப்பதாகப் பள்ளிப்பட்டு, திருத்தணிப் பகுதி மக்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருகின்றனர். மாநில எல்லையைக் கோடிட்டுப் பிரிக்க ஆணையத்தால் இயன்றது. ஆற்று நீரை அக்கோட்டில் நிறுத்த எவராலும் இயலாது. நொய்யலில் உழவரும் சாயத்தொழிலாளரும் ஒரே மாநிலத்தில், ஒரே நீதிமன்றத்தின் முன் நின்றனர். நகரி ஆற்றிலோ கழிவை விடுபவர் ஒரு மாநிலத்திலும் பெறுபவர் மற்றொரு மாநிலத்திலும் உள்ளனர். அதற்காகத் தறிக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமாகாது. குறைந்த கூலிக்கு உழைக்கும் சிறு பட்டறை ஒன்று, திருப்பூர் பெருமுதலீட்டில் செய்ததைத் தனியே செய்ய இயலாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை அரசுகள் அமைத்து, அதன் செலவைத் துணியின் விலையில் சேர்ப்பது ஒன்றே நொய்யல் தரும் பாடம்.

பருத்தி விளைவிப்பது முதல் துணி உருவாவது வரை, ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியாகச் சுமார் 10,000 லிட்டர் நீர் செலவாகிறது என்று நீர்த்தடக் கணக்கீடுகள் கூறுகின்றன. அவ்வகையில் நூறு கிராம் பனியன் ஒன்றில் ஏறத்தாழ 1,000 லிட்டர் நீர் அடங்கியிருக்கிறது. கத்திரி வெயிலில் அது உடலுக்கு லேசாக இருப்பதன் விலையை, உழவு நிலமும் சாயப்பட்டறையும் ஆறும் பங்கிட்டுக் கொடுத்திருக்கின்றன.

காளத்தியில் துணியை அலசிய கைவினைஞன் ஓடும் நீரை நம்பித் தொழில் செய்தான்; அவன் விட்ட நிறம் சிறிது, ஆறு பெரிது. இன்று அந்த விகிதம் தலைகீழாகிவிட்டது. பொன்முகலி ஆண்டின் பல மாதங்கள் மணலாகக் கிடக்கிறது. சித்தூரின் திண்ணையில் பனியனோடு அமர்ந்திருப்பவர் கோடையில் குடிநீர் லாரிக்குக் காத்திருப்பதும் வழக்கமாகிவிட்டது. அவர் அணிந்திருக்கும் ஆடையும் அவர் காத்திருக்கும் நீரும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.